விசிறிப்பனைக்கு ஒரு குளிர்ச்சட்டை

கந்தப்பனுக்கு ஒரே உருப்படியை இரண்டாவது தடவை தைப்பது ஆகாது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு குணம் இருந்தால் எப்படிப் பிழைப்பது? கணியூரிலிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில் நான்கு வருஷம் லைனில் உட்கார்ந்து தோள்பட்டை மட்டும் தைத்தார். இன்றைக்கு எண்ணூறு தோள்பட்டை, நாளைக்கு இன்னொரு எண்ணூறு. தூங்கினால் கனவிலும் அதுவேதான் வந்தது. தலை இல்லை, கை இல்லை, வெறும் தோள்பட்டைகள் வரிசையாக நடந்து போயின.

ஐந்தாவது வருஷம் சாம்பிள் ரூமில் ஓர் ஆள் வேலையை விட்டு நின்றுபோனார். கந்தப்பன் மாடிப்படி ஏறினார். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் அவர் கீழே இறங்கவில்லை, டீக்கும் சம்பளத்துக்கும் தவிர.

சாம்பிள் ரூம் என்பது நாலு மிஷினும் ஒரு கட்டிங் டேபிளும் போட்ட அறை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் படத்தைப் பார்த்து, அளவைப் பார்த்து, முதல் உருப்படியை அங்கேதான் தைப்பார்கள். பையர் சரியென்று சொன்னால் கீழே லைனில் அது ஆயிரக்கணக்கில் ஓடும். அந்த ஆயிரத்தோடு கந்தப்பனுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவருக்கு முதல் ஒன்று போதும். பிறகு அடுத்த படம் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், சித்திரை பிறந்த நாலாம் நாள், முதலாளி தரணீதரன் மாடிக்கு வந்தார். கந்தப்பனைவிடப் பத்து வயது இளையவர். கெட்ட சேதி சொல்ல வந்தால் அளவெடுக்கும் டேப்பை எடுத்து விரலில் சுற்றுவார். அன்றைக்கும் சுற்றினார்.

"மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. இப்பெல்லாம் வர்றது பூராம் பழைய ஸ்டைலுங்க. கலரை மட்டும் மாத்தறாங்க. சாம்பிள் ரூமைச் சும்மா வெச்சுட்டு என்ன பண்றது? வைகாசி முடியட்டும். புதுசா ஒரு ஆர்டர் வந்தாப் பார்க்கலாம். இல்லீனா மூடிட்டு, சாம்பிளை வெளிய குடுத்துக்கலாமுங்க. உங்களுக்கு லைன்ல எடம் இருக்குது, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"சரீங்க" என்றார் கந்தப்பன். லைனில் இடம் இருக்கிறது என்பதுதான் அவர் கவலை.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நாலாவது வாரம் சத்யப்பிரியா மடிக்கணினியைத் திறந்தபடியே படியேறி வந்தாள். பையர்களோடு மெயிலில் பேசுவது அவள் வேலை. கல்லூரி முடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இங்கிலீஷில் பையரையும் தமிழில் முதலாளியையும் சமாளித்துவிடுவாள்.

"மாஸ்டர், ஒரு என்கொயரி வந்திருக்குதுங்க. சிரிக்கப்படாது."

"யாருக்கு அம்மணி? கொழந்தைக்கா, பெரியவங்களுக்கா?"

"மரத்துக்குங்க."

கந்தப்பன் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

நெதர்லாந்தில் ஓர் அம்மா பனைகளும் வாழைகளும் விற்கிறாள். ஆறு மாதம் குளிர் அடிக்கிற ஊர்களில், பனி விழுகிற தோட்டங்களில், ஜனங்கள் ஆசைப்பட்டு வாங்கி நடுகிறார்கள். விசிறி மாதிரி ஓலை விரிக்கிற ஒரு சாதிப் பனைதான் அதிகம் போகிறது. அது குளிரைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் இளமரத்தின் குருத்தில் பனி இறங்கிவிட்டால் போச்சு. கார்த்திகை வந்தால் வைக்கோல், சாக்கு, பழைய போர்வை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுற்றிவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மரத்துக்கு அளவெடுத்துத் தைத்த குளிர்ச்சட்டை வேண்டுமாம். ஐயாயிரம் சட்டை, புரட்டாசிக்குள்.

"அத்தனை குளுருல எதுக்கு அம்மணி பனைய நடறாங்க?"

"நம்மூரு வெயில்ல எதுக்குங்க ஊட்டி ரோஜா வாங்கியாந்து கருக விடறோம்? அந்த மாதிரிதானுங்க."

கந்தப்பன் யோசித்தார். அவர் வீட்டிலேயே தெய்வாத்தாள் மூன்று ரோஜாவைக் காய வைத்திருந்தாள். நாலாவதுக்குக் காசு எடுத்து வைத்திருந்தாள்.

தரணீதரன் கீழே இருந்தே சொல்லி அனுப்பினார்: "இந்த ஆர்டர் வந்தா சாம்பிள் ரூம் இருக்குதுன்னு மாஸ்டர்கிட்டச் சொல்லு."

அளவு ஒழுங்காக வந்திருந்தது. அடிமரத்தின் சுற்றளவு, உயரம், மேலே ஓலைக்கட்டுக்குத் தனியாக ஒரு குல்லாய். கந்தப்பன் மொத்தமான ஃபிளீஸ் துணியை எடுத்தார். திருப்பூரில் நல்ல பனியனுக்கு அடையாளம் உடம்பில் பக்கத் தையல் இல்லாமல் இருப்பது. துணி குழாயாகவே பின்னி வரும். அதை வெட்டிப் பனியனாக்குவார்கள். உறுத்தாது, பிரியாது, பார்வைக்கும் நேர்த்தி. மரமானால் என்ன, மட்டமாகவா கொடுக்க முடியும்? ஒரு தையல்கூடத் தெரியாமல், வழுவழுவென்று, குழாயாகவே தைத்தார். கீழேயும் மேலேயும் இழுத்தால் விரிகிற ரிப் பட்டை. துணி ரோல் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதற்கு மாட்டிப் பார்த்தார். கையுறை மாதிரி இறங்கியது. தரணீதரனே தடவிப் பார்த்து, "எனக்கே ஒண்ணு வேணுமாட்ட இருக்குதுங்க" என்றார்.

வீட்டில் தெய்வாத்தாள் சொன்னாள்: "மனுசருக்கு எல்லாம் தெச்சு முடிஞ்சுதாக்கு? இப்ப மரத்துக்குப் போயிட்டீங்க. அடுத்தது எருமைக்கா?"

"அளவு வந்தாத் தெக்கறதுதான்" என்றார் கந்தப்பன். கூரியர் போய்விட்ட சந்தோஷம்.

பத்து நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. கம்பெனியே கூடி நின்று பார்த்தது.

பச்சைப் புல்தரை. நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு அந்தப் பனை. வெள்ளைக்கார அம்மா கையில் கந்தப்பனின் சட்டை. அவள் அதை மேலே தூக்குகிறாள். ஓலைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தும் தலை அடிமரத்தைவிட இரண்டு பங்கு பெரிது. சட்டை போகவில்லை. வீட்டுக்காரர் ஏணி கொண்டுவருகிறார். இருவரும் சேர்ந்து இழுக்கிறார்கள். ஓலை ஒன்று முறிகிறது. அந்த மனுஷர் குனிந்து, வேர்ப்பக்கம் காட்டி, கையை விரித்து ஏதோ கேட்கிறார்.

"மரத்தைப் புடுங்கித்தான் மாட்டோணுமான்னு கேக்கறாருங்க" என்று சத்யப்பிரியா மெதுவாகச் சொன்னாள்.

கூட்டம் சிரித்தது. கட்டிங் டேபிள்காரர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். கந்தப்பனும் சிரித்தார், வேறு வழியில்லாமல். மேலே ஓலை, கீழே மண். இரண்டு பக்கமும் அடைத்த ஒன்றுக்குக் குழாய் தைத்து அனுப்பியிருக்கிறார். துணி ரோலுக்குத் தலையும் கிடையாது, வேரும் கிடையாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இருபத்துமூன்று வருஷம் என்ன தெரிந்து தைத்தோம் என்று அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. போடுகிறவர் கையைத் தூக்கித் தலையை நுழைத்துக்கொள்வதால்தான் நம் தையல் தையலாக இருக்கிறது. பாதி வேலையைச் சட்டை போடுகிறவரே செய்துவிடுகிறார். அந்த உதவி இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்தது எவ்வளவு?

அந்த அம்மா நல்லவள். துணி பிடித்திருக்கிறது என்றும், இன்னொரு சாம்பிள் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தாள். வருகிற புதன்கிழமை வீடியோவில் மரத்துக்கு மாட்டிக் காட்ட வேண்டும். அதோடு சரி, பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வாள்.

கந்தப்பன் மறுநாள் காலையில் மரம் வாங்கக் கிளம்பினார்.

அவிநாசிபாளையம் போகும் வழியில் முனீஸ் நர்சரி வைத்திருந்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ரோட்டோரம் பச்சை வலைக்கடியில் குரோட்டன்ஸ், செம்பருத்தி, தொட்டியில் பாக்குமரம்.

"அண்ணாச்சி, என்ன மரம் வேணும்?"

"விசிறியாட்ட ஓலை இருக்கோணுமுங்க. தலை பெருசா, உடம்பு சிறுசா."

"இந்தா நிக்கி பாருங்க. எங்கன வைக்கப் போறீய? நெழலா, வெயிலா?"

"வைக்கறதுக்கில்லீங்க. சட்டை போட்டுப் பார்க்கறதுக்கு."

முனீஸ் தண்ணீர் ஊற்றுகிற குழாயைக் கீழே போட்டார். கந்தப்பன் விஷயத்தை முழுக்கச் சொன்னார். கேட்டு முடித்து முனீஸ், "அங்கிட்டு குளிருக்குச் சட்டையா? இங்கிட்டு வெயிலுக்குக் குடை தச்சுக் குடுங்க அண்ணாச்சி, என் செடியெல்லாம் உங்க பேரைச் சொல்லும்" என்றார். பிறகு சும்மா இருக்காமல் ஒரு யோசனையும் சொன்னார்: "மட்டையில கருக்கு இருக்கும், கவனம். துணியைப் புடிச்சா விடாது. அப்புறம், குருத்தை மூச்சு முட்ட மூடிராதீய. குளிர்ல சாகாதது அழுகிச் செத்துரும்."

பனையை வண்டியின் பின்சீட்டில் உட்கார வைத்து, இடுப்போடு கட்டிக்கொண்டு வந்தார். ஓலைகள் அவர் தலைக்குப் பின்னால் விரிந்து நின்றன. பல்லடம் ரோட்டு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர், "ஏனுங்க, மயிலு எந்தூருக்குப் போகுது?" என்று கேட்டார்.

கம்பெனி வாசலில் வைத்து வேலை தொடங்கியது. முதலில் பின்பக்கம் திறந்து வெல்க்ரோ வைத்தார். அடிமரத்து நார் பூராவும் வெல்க்ரோவில் ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது மரத்துக்கு மீசை மழித்த மாதிரி ஆயிற்று. ஜிப் வைத்தார். கருக்கில் மாட்டி நின்றது. வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. குளிர்ச்சட்டையோடு நிற்கிற பனையைப் பார்த்து, பீகார்காரத் தொழிலாளி ஒருவர் நின்று விசாரித்தார்: "மாஸ்டர்ஜி, இஸ்கோ டண்ட் லக் ரஹி ஹே க்யா?" இதற்குக் குளிருகிறதா என்று கேட்கிறார். கந்தப்பனுக்கு வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

திங்கட்கிழமை மத்தியானம். ஓலைகளை ஒரு கையால் அணைத்து, மறு கையால் துணியைச் சுற்ற முயன்றுகொண்டிருந்தார். ஓலை நழுவி முகத்தில் அடித்தது.

"கையத் தூக்கு கண்ணு, கையத் தூக்கு" என்றார், அலுப்பில்.

சொன்னவர் அப்படியே நின்றார். இதை எங்கோ சொல்லியிருக்கிறார். மகள் பிறந்த ஒன்பதாம் நாள், தெய்வாத்தாள் படுத்திருந்தாள். குழந்தைக்குச் சட்டை போட இவர் பட்டபாடு. தலை பெரிது, உடம்பு சிறிது, கையைத் தூக்காது, கழுத்தைத் திருப்பினால் பயம். தலைவழியாக நுழைக்கவே முடியாது. அதனால்தானே பச்சைக் குழந்தைக்கு ஜப்லா? முன்பக்கம் முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்து மேல் இன்னொரு பக்கம் மடித்து, நாடாவால் கட்டுவது. எத்தனை ஜப்லா சாம்பிள் தைத்திருக்கிறார்!

படியை இரண்டிரண்டாக ஏறினார். வயது நாற்பத்தைந்து, மேலே போய் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் பிடித்தது.

செவ்வாய் சாயங்காலம் பனைக்கு ஜப்லா தயார். ஒரு முழம் மடிந்து விழுகிற முன்பக்கம், நாலு இடத்தில் நாடா, கருக்கு படுகிற இடத்தில் உள்ளே வழுக்குகிற துணி. குல்லாயில் குருத்து வருகிற பக்கம், ஓடுகிறவர்கள் போடும் பனியனில் அக்குளுக்கு வைக்கிற சல்லடைத் துணி. முனீஸ் சொன்ன மூச்சுக்கு.

புதன்கிழமை வெள்ளைக்கார அம்மா திரையில் வந்தாள். சத்யப்பிரியா கைபேசியைப் பிடித்தாள். தரணீதரன் டேப்பை விரலில் சுற்றினார். கந்தப்பன் துணியை மரத்தின் பின்னாலிருந்து கொண்டுவந்து, முன்னால் மடித்து, நாலு நாடாவையும் கட்டி, தலையில் குல்லாயைக் கவிழ்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மா கைதட்டினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"வாங்கறவங்க பாதிப் பேரு வயசானவங்களாமுங்க. குளுருக்குக் கையுறை போட்டுட்டு, ஒத்தை ஆளாக் கட்ட முடியுமான்னு கேக்கறாங்க."

கந்தப்பன் சுற்றிப் பார்த்தார். வாசலை ஒட்டிய கட்டிங் டேபிளில் கத்தி படாமல் இருக்க மாட்டுகிற இரும்புக் கையுறை கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு மெல்லிய நாடாவைப் பிடித்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். முடிச்சு விழவில்லை. திரையில் அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. தரணீதரனின் விரல் டேப்புக்குள் வெளுத்துப்போனது.

"அம்மணி, பத்து நிமிசம் இருக்கச் சொல்லு."

"என்னன்னு சொல்லட்டுங்க?"

"டீ குடிக்கச் சொல்லு."

மாடியில் மிஷின் ஓடுகிற சத்தம் கீழே கேட்டது. எட்டாவது நிமிஷம் இறங்கி வந்தார். நாடாவையெல்லாம் அறுத்துவிட்டு, அதே ஃபிளீஸ் துணியில் நாலு விரல் அகலப் பட்டைகள் வைத்திருந்தார். மொசுமொசு துணி மொசுமொசு துணியைக் கவ்வும். முடிச்சு வேண்டாம், ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் நிற்கும். இரும்புக் கையுறையோடு நாலையும் கட்டினார். சட்டையைப் பிடித்து மரத்தையே உலுக்கினார். தொட்டி ஆடியது, பட்டை அவிழவில்லை.

அம்மா திரையில் யாரையோ கூப்பிட்டாள். ஏணி தூக்கிய வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

சாம்பிள் கூரியரில் போய், அங்கே அசல் மரத்துக்கு மாட்டிப் பார்த்து, ஐயாயிரத்துக்கும் ஆர்டர் உறுதியாக ஆனி மாதம் வந்துவிட்டது. தரணீதரன் மிட்டாய்ப் பெட்டியோடு மாடிக்கு வந்தார்.

"மாஸ்டர், இதை உங்களாட்டப் புரிஞ்சவங்க யாருமில்லீங்க. அஞ்சாயிரமும் நீங்களே நின்னு ஓட்டிக் குடுத்துருங்க. லைன் இன்சார்ஜ், சம்பளமும் சேர்த்துப் போட்டறலாம்."

கந்தப்பன் மிட்டாயைக் கையிலேயே வைத்திருந்தார். சம்பளம் நல்ல விஷயம்தான். தெய்வாத்தாளுக்குத் தெரிந்தால் திட்டுவாள். ஆனால் ஐயாயிரம் தடவை அதே பனை.

"இல்லீங்க. லைன்காரங்களுக்கு ரெண்டு நாள் நின்னு சொல்லித் தர்றனுங்க. அப்பறம் நான் இங்கயே இருந்துக்கறன்."

"இங்க இருந்து என்னுங்க பண்ணுவீங்க?"

பதில் சத்யப்பிரியாவிடமிருந்து வந்தது. அவள் படியில் நின்று அன்றைய மெயிலைப் படித்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மா அடுத்தது வாழைக்குக் கேக்கறாங்க. அளவு அனுப்பறாங்களாம். சாம்பிள் எப்போ கிடைக்கும்னு கேட்டிருக்காங்க."

தரணீதரன் டேப்பை எடுத்தவர், சுற்றாமல் மேஜையில் வைத்துவிட்டுக் கீழே போனார்.

கந்தப்பன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். வெள்ளைத் தாளை விரித்தார்.

"அந்தூர்ல வாழை குலை தள்ளுமா, தள்ளாதான்னு கேட்டு எழுது அம்மணி. தள்ளும்னா இடுப்புல லூஸ் வெக்கோணும்."