சுருட்டி வைத்த ஒயர்

நான் பார்க்கும் வேலையை எங்கள் லயத்தில், தோட்டத்து வேலையாட்களின் வரிசை வீடுகளில், யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. கேட்பவர்களிடம் அம்மா, "கம்ப்யூட்டருக்குக் காவலு" என்று சொல்லிவிடுவாள். அதில் பெரிய தப்பும் இல்லை. பல ஊர்களில் இருக்கிற கம்பெனிகளின் கணக்குகளும் பெயர்களும் டேட்டாபேஸ்களாக மும்பையில் ஏதோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டடத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு டேட்டாபேஸையும் தாங்குகிற வாடகைக் கணினியை எங்கள் தொழிலில் இன்ஸ்டன்ஸ் என்போம். அதைத் தொடங்குவது, நிறுத்துவது, இடம் போதாவிட்டால் பெரிதாக்குவது, பழசானால் புதியதற்கு மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிய மலையில், சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில், ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் இருந்துகொண்டு இதைச் செய்கிறேன்.

காலையில் பிரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க அம்மா கிளம்பியதும் லயம் காலியாகிவிடும். பெரியவர்கள் தோட்டத்துக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பக்கத்து வீட்டு நாயும் அவர்கள் பின்னாலேயே போய்விடும். பிறகு சாயங்காலம்வரை நானும் ஒரு திரையும்தான். கூட வேலை செய்கிறவர்கள் கொச்சியில் இருக்கிறார்கள். அவர்களோடு பேசுவது எழுத்தில்தான். அதுவும் வேலைக்கு வேண்டியது மட்டும். சில நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க எழும்போது, காலையிலிருந்து வாயைத் திறக்கவே இல்லை என்பது நினைவுக்கு வரும். சும்மா இருமிப் பார்ப்பேன்.

"ரூமுக்குள்ளயே அடகாத்துக்கிட்டு இருக்கான் ஒம்மவன். இவனுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்று அடுத்த வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்பாள். "குஞ்சு பொரிக்கட்டும், பெறவு பாப்போம்" என்பாள் அம்மா.

அப்பா இறந்த பிறகு ஒரு வருடம் நான் கொச்சி ஆபீஸில்தான் இருந்தேன். அந்த வருடம் அம்மா காலையில் மட்டும் சமைத்து, அதையே இரவும் சாப்பிட்டாள். கேட்டால், "ஒருத்திக்கு எதுக்குப்பா ரெண்டு தடவ அடுப்பு" என்பாள். அவளைக் கூட்டிப்போகவும் வழியில்லை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. கொச்சியிலோ நான் நாலு பேரோடு ஒரே அறையில் கிடந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். அந்தப் படிப்பு அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதற்கா என்ற நினைப்பு என்னை அரித்தது. கெஞ்சித்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். ஒருமுறை மீட்டிங் நடுவே கரண்டு போய் நான் காணாமல் போனேன். மேனேஜர் மலையாளத்தில், குரல் உயர்த்தாமல் சொன்னார்: இன்னொரு தடவை வேலைக்கு நடுவில் லைன் போனால் கொச்சிக்கு வந்துவிட வேண்டும். அன்றிலிருந்து காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே என் கண் மோடத்தின் பச்சை விளக்குக்குப் போய்விடும்.

போன வருடம், மழைக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கண் மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பழைய இன்ஸ்டன்ஸிலிருந்து புதியதற்கு மாற்றவேண்டியிருந்தது. ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. மத்தியானம் முழுக்க முன்பதிவுப் பக்கத்தை மூடிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே பழையதை முழுதாகப் பிரதி எடுத்து வைத்தேன். புதியதை எழுப்பி, பழையதில் விழுவதெல்லாம் அதிலும் விழும்படி இணைத்தேன். சொன்ன நேரம் வந்ததும் பழையதில் இனி எதையும் எழுத முடியாதபடி பூட்டினேன். அடுத்தது, முன்பதிவுப் பக்கத்தைப் புதிய இன்ஸ்டன்ஸை நோக்கித் திருப்பிவிடுவது. அதற்கான கட்டளையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிட்டது. மோடத்தில் சிவப்பு.

கரண்டு இருந்தது. அப்படியென்றால், மரத்துக்கு மரம் கட்டி வீட்டுக்கு வருகிற நெட்டு ஒயர்தான். வெளியே ஓடி, அது போகிற வழியிலேயே மேலே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் நிழல் கூடினால் செடி அழுகும். அதனால் மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்வார்கள். மழை நெருங்கிவிட்டதென்று அன்று ஞாயிறும் ஆள் இறக்கியிருந்தார்கள். மலைக்குக் கீழே கம்பம் ஊரிலிருந்து ஜீப்பில் வந்து போகிற ஆட்கள். கொஞ்ச தூரத்தில் ஒயரைக் காணோம். ஒரு மரத்தடியில் கவாத்துக்காரர் ஒருவர் அரிவாளை வைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிளை முறிவில் என் ஒயர் வட்டமாக, அழகாகச் சுருட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்களுதா தம்பி? கொப்பு விழுந்து கீழ எறங்கிருச்சு. பொம்பளையாளுக கால்ல மாட்டி விழுந்துருவாகன்னு ரெண்டு பக்கமும் நறுக்கிச் சுருட்டி வச்சேன். ஒரு மடிப்பு இல்ல, பாருங்க."

"அண்ணே, அது நெட்டு ஒயருண்ணே."

"கரண்டு இல்லையான்னு தொட்டுப் பாத்துட்டுத்தானே வெட்டுனேன்" என்றார், தன் கவனத்தை நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்து.

 அவர் நல்லதுதான் செய்திருந்தார். தரையில் கிடக்கிற ஒயரை இந்தத் தோட்டத்தில் யாரும் அப்படியே விடமாட்டார்கள். அறுத்து, சுருட்டி, உடையவன் வந்து கேட்கும்வரை பத்திரமாக வைப்பார்கள். என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். பீடியைக் கீழே போட்டுவிட்டு, "வேலை எதும் கெட்டுப்போச்சா தம்பி?" என்று கேட்டார்.

வீட்டுக்கு ஓடி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினேன். லயத்தில் போன் சிக்னல் கிடையாது. அந்த மேட்டில் மட்டும் கம்பம் பக்கத்து டவர் எட்டும். ஏறியதும் போன் துடித்து, தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று செய்தி வந்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு. ஒரு போன் போட்டால் போதும், மீதியைக் கொச்சியில் யாராவது முடித்துவிடுவார்கள். அடுத்த மாதம் நானும் அங்கே இருப்பேன், அம்மா மறுபடி ஒரு வேளை மட்டும் அடுப்பு மூட்டுவாள். மேனேஜரின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, போன் வழியாக லேப்டாப்பை ஒரே ஒரு தடவை இணைத்துப் பார்ப்பது, இல்லையென்றால் அழைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இது நோயாளிகளின் விஷயம், என் வீம்புக்கு அதில் இடமில்லை.

இணைந்தது. புதிய இன்ஸ்டன்ஸ் நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. பழையதிலும் புதியதிலும் பதிவு வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்தேன். இருந்தது. கட்டளையைக் கொடுத்தேன். பக்கம் திறந்து, திங்கட்கிழமைக்கான காலி நேரங்கள் வரிசையாக வந்தன. சோதனைக்கு என் பெயரில் ஒரு பதிவு போட்டு, அழித்தேன். சற்று நேரத்தில் யாரோ ஒருவர் உண்மையிலேயே பதிவு செய்தார். பிறகு இன்னொருவர். தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து அந்த வரிகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. கீழே அரிவாள் சத்தம் மட்டும் கேட்டது.

ஒப்புக்கொண்ட நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி விட மனம் ஒப்பவில்லை. ஒயர் அறுந்தது, போன் மூலம் முடித்தது எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதி அனுப்பினேன். அம்மாவிடமும் சொன்னேன்.  அவள் என் துணிகளை எல்லாம் எடுத்து, ஊருக்குக் கிளம்புகிறவனுக்குப் போல, துவைத்துப் போட்டாள்.

திங்கள் முழுக்கக் காத்திருந்தேன். மருத்துவமனை எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி அனுப்பியது. என் அறிக்கைக்குக் கீழே மேனேஜர் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் போட்டிருந்தார். அவ்வளவுதான். படித்துவிட்டு மன்னித்தாரா, படிக்காமலே போட்டாரா தெரியவில்லை. மறுநாளும் ஒன்றும் வரவில்லை. கொச்சிக்குக் கூப்பிடவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. சந்தோஷப்பட்டேன். கூடவே, ஒரு ஆள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறி ஓடியதைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாமே என்றும் இருந்தது.

அன்று சாயங்காலம் வாசலில் செருமல் சத்தம். அதே கவாத்துக்காரர், தலையில் கட்டிய துண்டோடு.

"வேலை போயிருச்சா தம்பி?"

"இல்லண்ணே."

"ஏசுனாகளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க கங்காணியா இருந்தா ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாரு. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பெட்டியில அப்புடி என்னதான் தம்பி பாக்குறீக?"

உட்காரச் சொன்னேன். படியில் உட்கார்ந்தார். கண் பார்க்க வருகிறவர்களின் பெயர், எந்தக் கண், எந்த நாள் என்பதெல்லாம் ஓரிடத்தில் இருக்கிறது, அந்த இடம் பழசாகிவிட்டது என்று ஆரம்பித்தேன். "பழசுன்னா? ஒழுகுதா?" என்றார். ஒழுகவில்லை, ஆனால் ஒழுகும் என்றேன். அவர் தலையாட்டினார். புது இடத்துக்கு மாற்றும்போது ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது, அதனால் முதலில் பழையதைப் பூட்டினேன் என்று சொல்லும்போது ரோட்டில் ஹாரன் அடித்தது.

"ஜீப்பு வந்துருச்சு தம்பி. விட்டா நடந்துதான் எறங்கணும்." எழுந்து துண்டை உதறினார். "இன்னையோட இங்கிட்டு முடிஞ்சுது. இனி அடுத்த வருசந்தேன்."

ஜீப் வளைவில் மறையும்வரை வாசலில் நின்றேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள்.

"அப்பக் கொச்சிக்குப் போக வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"சரி" என்றாள். துவைத்து மடித்து வைத்திருந்த என் சட்டைகளை அவளே எடுத்து அறைக்குள் கொடியில் திரும்பப் போட்டாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். திரையில் மருத்துவமனையின் வரிகள் ஏறிக்கொண்டிருந்தன.