காது கேளாத நாயும் நேரங்கெட்ட உத்தியோகமும்

பிரசவம் பார்க்கிற உத்தியோகத்துக்கு நேரங்காலம் கிடையாது. நாய் வளர்ப்பதற்கோ நேரம் தப்பவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் காலம் தள்ளியவள் நான். தனியாள். ஆஸ்பத்திரிச் சம்பளம், வெள்ளைப் புடவை, ஒரு தோல் பை, வீடு வீடாகப் போய்ப் பிள்ளை எடுக்கிற வேலை. வேலைக்குப் போன இடத்தில் ‘நாய் சாப்பிட்டிருக்காதே’ என்று தவித்தவர்களும், நாயோடு உட்கார்ந்திருக்கும்போது ‘வேலைக்கு ஆள் வந்துவிடுமோ’ என்று வாசலையே பார்த்தவர்களும் என் இனம். மற்றவர்களுக்கு இது புரியாது. அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும்.

சேலைக்குப் பதில்

ராஜபாளையத்து நர்ஸ் லீவில் இருந்த சமயம், அங்கே ஒரு ராஜு வீட்டுப் பிரசவத்துக்கு என்னை அனுப்பினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் ஒரு பட்டுச் சேலையைத் தட்டில் வைத்து நீட்டினார். போகிற வீட்டில் எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கொல்லைப்பக்கம் போய் ஒரு நாய்க்குட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். நாய்க்குட்டியைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். லில்லி என்று பெயர் வைத்தேன்.

பெயர் வைத்ததுதான் மிச்சம். கூப்பிட்டால் திரும்பாது. திமிர் பிடித்த சாதி என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அதன் முதுகுக்குப் பின்னால் எனாமல் பேசின் கை தவறி விழுந்தது. நானே துள்ளிவிட்டேன், குட்டி பாட்டுக்குக் காலை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குட்டிகளில் சில இப்படிப் பிறப்பதுண்டு என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த முறை ராஜபாளையம் போனபோது பெரியவரிடம் கோபமாகவே கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“காது கேக்கலைன்னா என்னம்மா? நீங்க போற வீட்ல எல்லாம் பொம்பளைங்க கூப்பாடு. அதைக் கேட்டு மிரளாத நாயா வேணுமில்ல உங்களுக்கு?”

மிதித்துக் கூப்பிடுவது

காது கேட்காத நாயைக் கூப்பிட ஒரே வழிதான். தரையை ஓங்கி மிதிக்க வேண்டும். அதிர்வு அதன் காலுக்குப் போகும், திரும்பிப் பார்க்கும். அப்புறம் கையைக் காட்டி வா, உட்கார், போ என்று சொல்லிக்கொள்ளலாம். லில்லி இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். நான்தான் நிறுத்த முடியாமல் ஆகிவிட்டேன். அடுப்படியில் மிதிப்பேன், முற்றத்தில் மிதிப்பேன், பால்காரனைக் கூப்பிடக்கூட ஒரு தடவை மிதித்துவிட்டேன்.

என்னோடு பிரசவ வீடுகளுக்கு வருகிற ஆயா பாக்கியம். என்னைவிட மூத்தவள், வாய்க்கு அஞ்சாதவள். ஒருநாள் காலையில் வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நர்ஸம்மா, நீங்க மிதிக்கிற மிதியில, தன்னையத்தான் சாடை காட்டுதீகன்னு உங்க பக்கத்து வீட்டுக்காரி நெனைச்சுக்கிட்டா. உங்க ஆளுன்னு எங்கிட்டயும் ரெண்டு நாளாப் பேச்சுவார்த்தை இல்ல.”

வாசல் காவல்

ராஜபாளையத்துப் பெரியவர் சொன்னது பொய்யில்லை. பிரசவ வீட்டில் கத்தல் எழுந்தால் தெரு நாயெல்லாம் ஊளையிடும். லில்லி வாசற்படியில் குறுக்கே படுத்துத் தூங்குவாள். எந்நேரம் ஆனாலும் தெருவில் எனக்குத் துணை வருவாள். என் பையை யாரையும் தொட விடமாட்டாள். கஷ்டம் என்னவென்றால், அவள் ஒரு கைக்குப் பழகிய நாய். என் கையால் வைத்தால்தான் சாப்பிடுவாள். பாக்கியம் எத்தனையோ நாள் ஆட்டெலும்பும் கம்பஞ்சோறுமாகப் பிசைந்து வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் போனாலே பல் தெரியும். ஆகவே ஒரு வீட்டில் பிரசவம் இழுத்துக்கொண்டே போனால், அங்கே தாய்க்கும் கவலை, எனக்கும் கவலை.

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த சேதியை மாமனார் வீட்டுக்குச் சொல்ல ஓட வேண்டிய புருஷன், படியில் லில்லி படுத்திருந்ததால் உள்ளேயே நின்றுகொண்டிருந்தான். நான் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து பார்க்கும்வரை யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

“எம் பொண்டாட்டியே பெத்து முடிச்சிட்டா, நான் இன்னும் படி தாண்டலங்க.”

சீனியம்மா வீட்டு முற்றம்

எல்லோரும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. தெற்குத் தெருவில் சீனியம்மா என்று ஒரு பெரிய பண்ணைவீட்டு அம்மா. தலைப்பிரசவத்துக்கு மகளை ஏழாம் மாதமே அழைத்து வந்திருந்தார்கள். வயிற்றைப் பார்க்க நான் போயிருந்தேன். திரும்பும்போது லில்லி முற்றத்தைத் தாண்டித் தொழுவத்துப் பக்கம் போய்க் கன்றுக்குட்டியை மோந்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஓங்கி ஒரு மிதி மிதித்துக் கையை நீட்டினேன். எனக்கும் லில்லிக்கும் நடுவில் சீனியம்மா நின்றிருந்ததை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் எங்கள் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். நல்லவர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். ‘நாய் இனிமேல் வேண்டாம், எங்கேயாவது கொடுத்துவிடு’ என்றார். என்ன சொல்லியும் கேட்கவில்லை. சீனியம்மா வந்து சொல்லிவிட்டுப் போனதை அப்படியே ஒப்பித்தார்.

“சர்க்கார் சம்பளம் வாங்கிக்கிட்டு, எம் முத்தத்துலயே நின்னு, எம் மூஞ்சியப் பாத்துக் காலைத் தூக்கி மிதிக்கா. வெளிய போன்னு கையையும் காட்டுதா!”

கான்சாபுரம்

பாக்கியத்தின் தம்பிக்குக் கான்சாபுரத்தில் தோட்டம். காவலுக்கு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். லில்லியை அங்கே கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வீடு வெறிச்சென்று கிடந்தது. பழக்க தோஷத்தில் தரையை மிதித்துவிட்டு, யாரும் வராமல், நானே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில நாளில் ஆள் வந்தது. கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லையாம், இடையில் இரண்டு தடவை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டு வந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனைக்குக்கூடப் போகாமல் கான்சாபுரம் போனேன். விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தாள். என் கையால் பிசைந்து வைத்த சோற்றைத் தின்றுவிட்டு என் கால்மேல் தலையை வைத்துக்கொண்டாள். இனி வேலை போனாலும் இவளை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். பாக்கியத்தின் தம்பி கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தான்.

“கூட்டிட்டுப் போயிருங்கம்மா. எங்க வீட்டுக்குப் புதுசா வந்த மருமவகூட இம்புட்டு ஏங்கல.”

ஊருக்கெல்லாம் மாதம் சொல்கிறவள்

லில்லியோடு நேராக டாக்டரம்மாவிடம் போய், வேலை போனாலும் இவளை விடமாட்டேன் என்றேன். அவர், ‘சரி, வைத்துக்கொள். பிரசவ வீடுகளுக்குக் கொண்டுபோகாதே. இன்னொரு புகார் வந்தால் நாய் உன் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் நீ வேலையில் இருக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டார். அன்று முதல் லில்லியை வீட்டில் பூட்டிவிட்டுப் போனேன். பட்டினி கிடந்தவள் என்ற பரிதாபத்தில் முட்டையும் பாலுமாகக் கொடுத்தேன். உடம்பு தேறியது. வயிறும் தேறியது. என் கைராசி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

புடவைக்கு மேலேயே பார்த்து ‘இது நாலாம் மாதம்’ என்று சொல்கிறவள் நான். கான்சாபுரத்தில் சோற்றைத் தொடாத லில்லி மற்ற எல்லாவற்றிலும் விரதம் இருந்துவிடவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாக்கியம்தான் ஒருநாள் வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, லில்லியை மேலும் கீழும் பார்த்தாள்.

“இது நீங்க குடுத்த பாலு இல்ல நர்ஸம்மா. எந் தம்பி ஊரு வேலை.”

தொழுவம்

அன்று காலை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே லில்லி மூலையைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். தெரிந்துதான் போனேன். நாய்க்குப் பேறுகாலம் என்று எந்த டாக்டரிடம் லீவு கேட்பது? மத்தியானம் ஓடிவந்து பார்த்தால் ஒரு குட்டி அவளுக்கு அடியில் நசுங்கிச் செத்துக் கிடந்தது. தாய் மேலே படுத்தால் குட்டி கீச்சிடும், உடனே தாய் எழுந்துகொள்ளும். லில்லிக்கு அந்தக் கீச்சு கேட்காது. செத்ததை நக்கிக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வீடுகளில் உயிரில்லாத பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்திருக்கிறேன், அங்கெல்லாம் அழுததில்லை. அன்று அழுதேன். அதற்குள் அடுத்த குட்டி வந்தது, உயிரோடு. அதே சமயம் வாசலில் வண்டி வந்து நின்றது. சீனியம்மாவின் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம்.

போகாமல் இருக்க முடியாது, அது தலைப்பிரசவம். லில்லியை விட்டுவிட்டும் போக முடியாது. விட்டால் வருகிற குட்டி ஒவ்வொன்றும் அவள் அடியிலேயே போகும். பாக்கியத்தைக் காவல் வைக்கலாமென்றால், அவள் கை எனக்கு அங்கே வேண்டும். ஒரு நார்ப்பெட்டியில் சாக்கை விரித்துக் குட்டியை வைத்து வண்டியில் ஏற்றினேன். லில்லி தானே பின்னால் ஏறினாள். “வேலை போயிருமேம்மா” என்றாள் பாக்கியம். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

வாசலில் நின்ற சீனியம்மா லில்லியைக் கண்டதும் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து மகள் அலறினாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். லில்லியைத் தொழுவத்தில், கல் பாவிய தரையில் படுக்க வைத்தேன். அதன்பின் லைசால் மருந்துத் தண்ணீரில் கையைக் கழுவியாயிற்று. இனி அந்தப் பக்கம் போக முடியாது. அறைக்குள் மகளைவிட அம்மா பெரிதாக அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண் மிரண்டாள். இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு ஏதாவது வேலை கொடுத்து வெளியே அனுப்புவது எங்கள் வழக்கம். வேண்டாத வெந்நீரைக்கூடப் போடச் சொல்லுவோம். அன்று என் கையில் நிஜமாகவே ஒரு வேலை இருந்தது.

“அம்மா, தொழுவத்துல ஒருத்தி தனியாக் கிடக்கா. குட்டி கத்துனா அவளுக்குக் கேக்காது. கிட்டப் போயிராதீங்க, கடிச்சிருவா. குட்டி சத்தம் கேட்டா நீங்க தள்ளி நின்னு தரையை ஓங்கி மிதிங்க, எந்திரிச்சிருவா” என்றேன். சீனியம்மா என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப அன்னைக்கு நீ மிதிச்சது?” “நாயைத்தான்ம்மா.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் தொழுவத்திலிருந்து தொம் தொம் என்று சத்தம் வர ஆரம்பித்தது. கூடவே, “ஏட்டி, எந்திரி! பிள்ளை மேல படுத்திருக்கியே, கண்ணு அவிஞ்சா போச்சு!” என்ற அதட்டலும். வலி ஓய்ந்த இடைவெளியில் மகள், “அம்மா யாரைப் போட்டு மிதிக்கா?” என்று கேட்டாள். சொன்னேன். அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் பயப்படவில்லை.

மாடுகள் மேய்ந்து திரும்புகிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தேன். சீனியம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கால் தண்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். உள்ளங்கால் சிவந்து வீங்கியிருந்தது. லில்லியின் மடியில் நாலு குட்டிகள் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொன்னேன். எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், நின்று திரும்பினார்.

“செத்த நேரம் நீங்க மிதிங்க நர்ஸம்மா. நான் பேத்தியைப் பாத்துட்டு வந்திருதேன்.”

இரண்டாவது புகார்

அன்று இருட்டுவதற்குள் லில்லியையும் குட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. காலையில் டாக்டரம்மாவிடமிருந்து ஆள் வந்துவிட்டது. சீனியம்மா விடிந்ததும் விடியாததுமாக வீங்கின காலோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து புகார் சொல்லிவிட்டுப் போனாராம். டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். இன்னொரு புகார் வந்தால் நாய் என் வீட்டில் இருக்கக் கூடாது என்று தான் சொன்னதை டாக்டரம்மா நினைவுபடுத்தினார். சாயங்காலத்துக்குள் தாயையும் குட்டிகளையும் கொண்டுபோய் சீனியம்மா வீட்டுத் தொழுவத்தில் விடச் சொன்னார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன புகார் என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, சீனியம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

“பச்சை உடம்புக்காரியை அன்னைக்கே வண்டியில ஏத்திக் கொண்டு போயிட்டாக, இது அடுக்குமா? நாலு பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு அவ அந்தப் பூட்டுன வீட்டுல கெடக்கா. நர்ஸம்மா வேலைக்கு வந்துட்டா, அங்க யாரு மிதிப்பா?”

உத்தியோகமும் பார்த்து நாயும் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இரண்டிலிருந்தும் லீவு கிடைக்காது, ஆகவே நம்மேல் அடிக்கடி புகார் சொல்லும் அளவுக்கு அக்கறையுள்ள ஓர் ஆளைப் பக்கத்துத் தெருவில் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள்.