புஷ்பா வீட்டு ஜன்னலில் தொங்கிய பைகள்

புஷ்பா போய்விட்டாள். நேற்றுக் காலை, தூக்கத்திலேயே. இன்று மதியம் எடுத்தாகிவிட்டது... இப்போதுதான் லகாட் மயானத்திலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈப்போவில் ஒரே துணி ஃபேக்டரியில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தவர்கள் நாங்கள். ஃபேக்டரியை மூடிய பிறகு இருவருமே வீட்டில் குரோஷா பின்ன ஆரம்பித்தோம்.

இந்த மாதிரிப் பதிவில் நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும். தெரியும். ஆனால் அவள்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான்... அதை மறைத்து எழுதினால் அவளே சிரிப்பாள்.

அவள் எதையுமே முடித்ததில்லை. ஹால் ஜன்னல் கிரில் முழுக்கப் பிளாஸ்டிக் பைகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் பாதியில் நிற்கும் ஒரு வேலை.

யாருடைய கல்யாணத்துக்கோ தொடங்கிய மேசை விரிப்பு... அந்த ஜோடியின் பிள்ளை இப்போது தமிழ்ப்பள்ளிக்குப் போகிறது. பேத்தி பிறந்தபோது தொடங்கிய கவுன்... பேத்தி வளர்ந்துவிட்டாள், கவுன் வளரவில்லை.

நான் அப்படி இல்லை. ஒன்றை முடிக்காமல் அடுத்த நூலைத் தொடமாட்டேன். எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர்கூட, “என்னலா இது, கடை மாதிரி இருக்கு” என்பார்.

ஆனால் கூட்டம் எங்கே? அவள் வீட்டில்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும். பக்கத்து வீட்டு ரோஸ்னா அக்கா, பழைய ஃபேக்டரி ஆட்கள், கோயிலில் பழக்கமானவர்கள்... வருகிறவர்கள் ஆளுக்கொரு பையை எடுப்பார்கள். பால் ஊற்றாத தே ஓ குடித்துக்கொண்டே இரண்டு வரிசை போடுவார்கள், பிறகு மாட்டிவிட்டுப் போவார்கள். சரியாகப் பின்னத் தெரியாதவர்கள்கூட.

ஒருநாள் நானும் ஒரு பையை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“நீ வேணாம்லா சாந்தி. நீ எடுத்தா ஒரே மூச்சுல முடிச்சிட்டுதான் விடுவ. அப்புறம் இவங்கல்லாம் வந்து எதச் செய்வாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது.

ஒரு தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தாள். அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். “அழகா இருக்குலா. ஆனா கை வைக்க இடமே இல்லையே” என்றாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள், குத்திக் காட்டவில்லை... எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

இன்று வீடு கொள்ளாத கூட்டம். சிங்கப்பூரிலிருந்து மகன் வரும்வரை காத்திருந்தோம். வெளியே கூடாரத்தில் தேவாரம் பாடினார்கள். நாங்கள் உள்ளே அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

ரோஸ்னா அக்காதான் முதலில் எழுந்து கிரில்லிலிருந்து ஒரு பையை எடுத்தார். அழுதுகொண்டே பின்ன ஆரம்பித்தார்.

“சாவு வீட்டுல என்ன இது” என்று புஷ்பாவின் அண்ணி முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவராக...

எல்லார் மடியிலும் ஒரு பை. என் மடியில் ஒன்றும் இல்லை. அவளைக் கிடத்தியிருந்த அதே ஹாலில் உட்கார்ந்துகொண்டு பொறாமைப்பட்டேன். நான் போனால் யார் வருவார்கள்? வந்தாலும் கையை எங்கே வைத்துக்கொண்டு உட்காருவார்கள்?

கிளம்பும்போது அவள் மகள் கவிதா ஒரு பையை நீட்டினாள். “இத நீங்க எடுத்துக்குங்க ஆன்ட்டி. மத்ததெல்லாம் ஆளாளுக்குக் கேட்டு எடுத்துக்கிட்டாங்க.”

யாரும் கேட்காத பை. சாவு வீட்டிலிருந்து எதையும் கொண்டு வரக்கூடாது என்பார்கள். கொண்டு வந்துவிட்டேன்.

வாசல் தோரணம், ஆரஞ்சு நூல். ஓர் இடம் இறுக்கம், ஓர் இடம் தொளதொள, ஓர் இடத்தில் கண்ணியே விட்டுப்போயிருக்கிறது. எத்தனை பேர் கையோ... பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்னினால் நாளைக்குள் முடித்துவிடுவேன்.

பிரிக்கவில்லை. ஜன்னலில் மாட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். புஷ்பா வீட்டுக்குப் போய்ப் பழகியவர்கள் யாராவது, எங்கே போவது என்று தெரியாமல் இருந்தால்... வாங்க. தே ஓ போடுகிறேன்.

போய் வா, புஷ்பா. உனக்கென்ன... அங்கேயும் இந்நேரம் ஆள் சேர்த்திருப்பாய்.