சுருளியில் கேட்ட ‘அய்யா’

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, தேனியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். உளவியல் நடத்திய மேடம் ஒருநாள் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தார். கண்ணும் காதும் வாங்குவது முதல் கட்டத்தில் ஒரு நொடி நிற்குமாம். அதில் நாம் கவனித்தது மட்டும் இரண்டாவதுக்குப் போகும். ஆழப் பதிந்தது மூன்றாவதில் ஆயுளுக்கும் தங்கும். அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் மூன்றாவது கட்டத்தில் அய்யா இருந்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் சொல்வோம். எனக்கு விவரம் தெரியும் முன்பே இறந்துவிட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆனால் எனக்கென்று ஒரே ஒரு நினைவு இருந்தது. யாரோ என்னைத் தோளில் வைத்துக்கொண்டு சுருளி அருவிக்குள் நுழைகிறார்கள். தலையில் பொத்தென்று தண்ணீர் விழுகிறது, உச்சி மண்டை ஜில்லிடுகிறது, ‘அய்யா’ என்று ஒரு குரல் கேட்கிறது. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அப்பா புராணம் பாடினால் இதை எடுத்துவிடுவேன். அருவியின் உயரம் வருடாவருடம் கூடிக்கொண்டே போனது வேறு விஷயம்.

மறுநாள் மேடமே அந்தப் படத்தை அழித்தார். “நினைவு, டிபன் கேரியர்ல வச்சபடியே எடுக்குற சாப்பாடு இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசா சமைக்கிறோம். குறையுற சாமானுக்குக் கையில இருக்குறதப் போட்டு ஒப்பேத்துறோம்” என்றார். உங்கள் முதல் நினைவை வீட்டில் விசாரித்து வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு எரிச்சல். என் அய்யாவை நான் சமைத்தேனா? நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அந்தச் சனிக்கிழமையே எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் இப்படித்தான் கிளம்பியிருப்பான்.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“அய்யா என்னயச் சுருளிக்குத் தூக்கிட்டுப் போனாகல்ல, அது எப்பம்மா?”

“ஒங்க அய்யாவா? அவுக எங்க ஒன்னயத் தூக்கிட்டுப் போனாக?”

தண்ணீர் விழுந்ததைச் சொன்னேன், உச்சி குளிர்ந்ததைச் சொன்னேன், குரலையும் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

“மொட்டத் தலையில தண்ணி விழுந்தாக் குளுராதா? அது ஒங்க அய்யாவுக்குத் திதி குடுக்கப் போன அன்னிக்கிடா. ஒங்க மாமாதேன் ஒன்னயத் தோள்ல வச்சிருந்தாக. ‘அய்யா, கண்ண மூடிக்கங்க’ன்னு ஒன்னயப் பாத்துத்தேன் சொன்னாக. மருமகன அவுக என்னைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டாக?”

எங்கள் பக்கம் பெற்றவரும் அய்யா, செல்லமாகக் கூப்பிடும் ஆண்பிள்ளையும் அய்யா. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று பிரிக்கத் தெரியாத வயதில் அந்தச் சொல் உள்ளே போயிருக்கிறது. மீதியை நான் ஒப்பேற்றியிருக்கிறேன். அய்யா அந்த அருவியில் இல்லை; அவர் இல்லாததால்தான் நாங்கள் அங்கே போயிருக்கிறோம்.

கேட்காமலே இருந்திருக்கலாம். மேடம் மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை.

அதைவிட மாமாவை நினைத்தால்தான் தாங்கவில்லை. அம்மாவின் அண்ணன். திராட்சை சீசனில் பை நிறையப் பழத்தோடு வந்து, சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அவரிடம் பேச ஒன்றும் இருந்ததில்லை. அவர் சாவுக்கு ஊரோடு ஊராகப் போய் நின்றுவிட்டு, மதியமே கம்பம் பஸ்ஸைப் பிடித்தவன் நான்.

அம்மா மறுபடி மொச்சையைக் கையில் எடுத்தார். “அவுகளுக்கே தண்ணின்னாப் பயம்டா. ஒன்னய மூடச் சொல்லிட்டு அவுகளும் கண்ண இறுக்க மூடிக்கிட்டாக.”

மாமா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் அவருக்காக அழுதேன்.