கிடாய்க்குக் கட்டிய பெல்ட்

கிடாய்க்கு ஒரு கீறல்கூட விழவில்லை. என் மகள் மூன்று நாள் கண் திறக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஐந்து வருஷம் கழித்தும் எனக்கு நாக்கு கூசுகிறது. நம் அம்மனைக் கும்பிடுகிற குடும்பங்கள் எல்லாம் படிக்கிற கொடைத் திருவிழா மலர் இது என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன். அம்மன் எனக்குச் செய்ததை எழுதுவது சுலபம். நான் செய்ததை எழுதுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. அதனால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை செய்கிறவன் நான். உளுந்து, கம்பு, மிளகாய். கல்யாணமாகி ஏழு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. கோயிலுக்கு வந்து, பிள்ளை பிறந்து அதற்கு ஐந்து வயசு முடிந்ததும் ஒரு கருங்கிடாய் தருகிறோம் என்று நானும் என் மனைவி செல்லத்தாயும் நேர்ந்துகொண்டோம். மறு வருஷமே முத்துமாரி பிறந்தாள். அவளுக்கு மூன்று வயசானபோது ஒரு கருங்குட்டியை வாங்கி அம்மன் பெயரைச் சொல்லி வீட்டிலேயே வளர்த்தோம். அதற்குக் குழை தழை ஒடித்துப் போடுவது முத்துமாரி வேலை.

நேர்ந்த கிடாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உடம்பில் ஊனம் இருக்கக்கூடாது. காது கிழிந்தாலோ கொம்பு முறிந்தாலோ கால் நொண்டினாலோ அம்மனுக்கு ஆகாது. எங்கள் முறைக்கு முந்தின வருஷம் ஊர்க்காரர் ஒருவர் லோடு ஆட்டோவில் கிடாயை ஏற்றி வந்தார். அது பாதி வழியில் துள்ளிக் காலை ஒடித்துக்கொண்டது. கோயில் வாசலில் பூசாரி ஆகாது என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் கொடை முடியும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தத் தலைக்குனிவு எனக்கு வந்துவிடக் கூடாது என்பதே என் நினைப்பெல்லாம்.

2004ஆம் வருஷம் தை மாதம் பழைய கார் ஒன்று வாங்கினேன். எங்கள் ஊருக்கு அதுதான் முதல் கார். கொஞ்ச நஞ்சத் திமிர் இல்லை எனக்கு. விற்றவர் சாவியைக் கையில் கொடுத்து, “பெல்ட்டு போடாம ஓட்டாதீங்க அண்ணாச்சி” என்று சொன்னார். போட்டுக்கொண்டேன். உயிருக்குப் பயந்து இல்லை. பெல்ட் போட்டால்தான் கார்க்காரன் மாதிரி இருக்கும் என்று.

மாசி பிறந்ததும் கொடை வந்தது. காலையில் கிடாய்க்கு மஞ்சள் தெளித்து மாலை போட்டோம். காரின் பின்சீட்டில் சாக்கை விரித்து அதைப் படுக்க வைத்தேன். பின்சீட்டின் இரண்டு பக்கத்துப் பெல்ட்டையும் எடுத்து, ஒன்றை நெஞ்சைச் சுற்றியும் ஒன்றை வயிற்றைச் சுற்றியும் கொண்டுவந்து மாட்டினேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன். தோல் உரசிவிடக் கூடாது என்று அடியில் என் துண்டை மடித்து வைத்தேன். அவ்வளவு பக்குவம்.

செல்லத்தாய் அதன் பக்கத்தில் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். முத்துமாரி முன்சீட்டில் ஏறி நின்றாள். ரோடு தெரிய வேண்டுமாம்.

“பிள்ளைய இங்கன எங்கிட்ட தாங்க” என்றாள் செல்லத்தாய்.

“வேண்டாம், கிடாய் முட்டிரும். முன்னாடியே நிக்கட்டும்” என்றேன்.

முத்துமாரி திரும்பிக் கிடாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“யப்பா, கிடாய்க்குக் கெட்டுன மாதிரி எனக்கும் கெட்டுங்கப்பா.”

நான் சிரித்தேன். “ஏட்டி, நீ என்ன ஆடா?” என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். அவள் பக்கத்துப் பெல்ட் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

விளாத்திகுளம் தாண்டி குளத்தூர் பக்கம் போகும்போது ரோட்டில் உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று நாம் எல்லோரும் செய்வதுதான். நானும் வருஷா வருஷம் செய்கிறவன்தான். செடி ஓரத்தில் வண்டிகள் ஒதுங்காமலிருக்கக் கல் வைத்திருந்தார்கள். கல்லைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். பிரேக்கை மிதித்தேன். சக்கரம் காய்ந்த செடி மேல் வழுக்கியது. வண்டி ஒரு அரை வட்டம் அடித்து ஓடைப் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் மோதியது. பெரிய வேகம்கூட இல்லை. சைக்கிளில் வந்தவர் பின்னாலேயே வந்து சேருகிற வேகம்தான்.

என்னைப் பெல்ட் பிடித்து நிறுத்தியது. கிடாயைப் பெல்ட் பிடித்து நிறுத்தியது. செல்லத்தாய் என் சீட்டின் முதுகில் மோதி முன்பல் ஒன்றை இழந்தாள். முத்துமாரி கண்ணாடியில் போய் அடித்துக் காலடியில் விழுந்தாள். வாரி மடியில் போட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நெற்றியிலிருந்து ரத்தம் என் வேட்டியில் இறங்கியது.

களத்தில் நின்ற விவசாயி ஓடிவந்தார். வந்தவரைப் பார்த்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரோட்டுல யாருலே உளுந்தப் போடச் சொன்னது?” என்று கத்தினேன். அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வழியாக வந்த வேனை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். விளாத்திகுளத்தில் தலையில் கட்டுப் போட்டார்கள். கோவில்பட்டியில் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, தாமதிக்காமல் திருநெல்வேலிக்குப் போங்கள் என்றார்கள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முதல் நாள் நான் அம்மனிடம் வியாபாரிபோலப் பேசினேன். இரண்டு கிடாய் தருகிறேன் என்றேன். வெள்ளியில் கண்மலர் வாங்கி வைக்கிறேன் என்றேன். ஊரிலிருந்து நடந்தே வருகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டே போனேன், கூட்டிக்கொண்டே போனேன். பிள்ளை அசையவில்லை.

இரண்டாம் நாள் பகலில் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார்.

“குழந்தை எங்க இருந்தா?”

“முன்சீட்டுல நின்னுட்டிருந்தாம்மா” என்றேன்.

“பெல்ட் போடலையா? வண்டியில பெல்ட் இல்லையா?”

“இருந்துச்சு.”

“பின்சீட்டுல?”

“அங்கயும் இருந்துச்சு.”

“அப்ப அது எதுக்கு இருந்துச்சு?”

 உதடு வீங்கிய செல்லத்தாய்தான் சொன்னாள். “அதக் கிடாய்க்குப் போட்டிருந்தோம்மா.”

டாக்டரம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “சரி, போய் உட்காருங்க” என்றார்.

வராந்தாவில் வந்து தரையில் உட்கார்ந்தேன். செல்லத்தாய் என் பக்கம் வரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அவள் பொய் எதுவும் சொல்லவில்லையே என்று தோன்றியது. அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

அப்போது நான் வேண்டியது இதுதான். “ஆத்தா, உனக்குக் கொண்டுவந்த ஆட்டை அலுங்காமல் கொண்டுவந்தேன். நீ எனக்குத் தந்த பிள்ளையை அப்படிக் கொண்டுவரவில்லை. ஊர் முன்னால் தலை குனியக் கூடாது என்று மட்டும் பார்த்தேன். உனக்குக் கொடுக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது. அதற்கு நீ பிள்ளையை எடுத்துக்கொள்ளாதே.”

பேரம் எதுவும் இல்லை. நான் அம்மனிடம் உண்மை பேசியது என் வயசில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை இட்லி வாங்கப் போனவனைச் செல்லத்தாய் மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். ஓடினேன். முத்துமாரி கண் திறந்திருந்தாள். வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கினாள். என்னைத் தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு காற்றுபோல ஒரு குரல்.

“கிடாய அவுத்து விட்டீங்களாப்பா?”

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மண்டையைத் திறக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு அவசியம் இல்லாமல் போனது. கசிவு தானாகவே கரைந்தது. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். அவர் அதை வைத்தியம் என்பார். இருக்கட்டும், அந்தக் கைகளையும் அம்மன்தான் அங்கே வைத்திருந்தாள்.

முழுதும் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். முத்துமாரிக்கு இப்போது பத்து வயசு. நெற்றியில் தையல் தழும்பு இருக்கிறது. இடது கை விரல்கள் சரியாக மடங்காது. தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது, தினமும் அம்மாதான் பின்னிவிட வேண்டும். காலையில் அவர்கள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். பார்க்க முடிவதில்லை.

அப்போது பிள்ளை வீடு திரும்பியதும் அந்த விவசாயியைத் தேடிப் போனேன். கிடாயின் பெல்ட்டை அரிவாளால் அறுத்து, வேப்ப மரத்தில் கட்டி, தண்ணீர் வைத்துக் காப்பாற்றியிருந்தார். காலில் விழப் போனேன். “என்ன அண்ணாச்சி இது, பிள்ளை எப்படி இருக்கா? அதச் சொல்லுங்க” என்றார். நான் கத்தியதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அங்கிருந்து கிடாயை நடத்திக்கொண்டே கோயிலுக்கு வந்து நேர்த்திக்கடனைச் செலுத்தினேன். பூசாரி காதையும் காலையும் தடவிப் பார்த்து, “ஒரு குறையும் இல்ல, நல்லாக் கொண்டு வந்திருக்கிய” என்றார். அந்தப் பாராட்டுக்காகத்தான் நான் அவ்வளவும் செய்தேன். அன்று அது காதில் விழும்போதே கசந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டரம்மா சொல்லி அனுப்பியதை உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். நிற்கக் கூடாது, மடியிலும் கூடாது. மோதுகிற வேகத்தில் எந்தத் தாயின் பிடியும் நிற்காது. ஒரே பெல்ட்டுக்குள் பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து உட்காரவும் கூடாது, பெரிய உடம்பு பிள்ளையை நசுக்கிவிடும். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்புக்குக் கீழேயும் படிய வேண்டும். அதற்கு உயரம் எட்டாத பிள்ளைகளுக்கென்றே தனிச் சீட்டு இருக்கிறது.

வண்டியைச் சரிபார்க்க விட்டபோது பின்சீட்டுக்குப் புதுப் பெல்ட் போடச் சொன்னேன். மெக்கானிக் சிரித்தார். “பின்னாடி எவன் அண்ணாச்சி பெல்ட்டு போடுதான்?” என்றார். “எம் மக போடுவா” என்றேன்.

போன கொடைக்கு என் மச்சினன் புதுக் கார் எடுத்து வந்தான். முன்னால் காற்றுப் பை வைத்த வண்டி. அவன் மனைவி கைக்குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்.

“பின்னாடி போய் உக்காரும்மா” என்றேன்.

“அதான் பை இருக்கே அத்தான், மோதுனா அது வந்து தாங்கிக்கிடும்” என்றான் மச்சினன்.

“பெல்ட்டு போட்ட பெரிய ஆளத்தான் மாப்ள தாங்கும். அது வெடிச்சு வார வேகத்துக்குப் பச்சப் பிள்ள முகம் தாங்குமா?”

கோயில் வாசலில் வாய்ச்சண்டை ஆகிவிட்டது. அவன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பிள்ளைச் சீட்டு வாங்கி, பின்சீட்டில் மாட்டிக் கொண்டுவந்து காட்டினான். கொடை நாளில் வண்டிகள் நிற்கிற இடத்தில் நானும் போய் நிற்கிறேன். பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன். ‘பெல்ட்டு அண்ணாச்சி’ என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

ஒன்று மட்டும் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஆஸ்பத்திரியில் நான் வேண்டினேன், அம்மன் கேட்டாள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது சத்தியம். ஆனால் அவள் எனக்கு முன்னாலேயே பேசிவிட்டாள். வண்டி கிளம்புமுன், மாலை போட்ட கிடாயைப் பார்த்துவிட்டு, எனக்கும் கெட்டுங்கப்பா என்று என் பக்கத்தில் நின்று கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? ஏழு வருஷம் நான் எந்த வாசலில் போய்க் கேட்டேனோ, அவள்தான் என் பிள்ளை வாயால் என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன்.

இந்த மலரைப் படிக்கிற அண்ணன் தம்பிமாரே, அக்கா தங்கைமாரே, அம்மனை நம்புங்கள். கலங்கி நிற்கும்போது அவளிடம் கேளுங்கள், தருவாள். எனக்குத் தந்தாள். அதேபோல் அவள் உங்களிடம் ஒன்று கேட்டால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். கொடைக்குக் கிளம்பும்போது சாவியைத் திருகுமுன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். முத்துமாரி இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. மடங்காத விரலால் தானே மாட்டிக்கொள்கிறாள். கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரை நான் வண்டியை எடுப்பதில்லை.