செல்விக்குத் தைத்த மெத்தை

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொய் இருக்காது. பேய், காற்று கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிறவள் நான். பெரிய மகனுடைய பெண் பவித்ரா அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போகிறாள். “ஆயா, பரண்ல புது மெத்த சும்மாதானே கெடக்குது, அதையே எடுத்துக்கினு போறேனே” என்று கேட்டாள். கூடாது என்றேன். ஏன் என்று கேட்கிறாள். வாயால் சொன்னால் சிரிப்பாள், அதனால் எழுதுகிறேன்.

அந்த மெத்தை என் கடைசிப் பெண் செல்விக்குத் தைத்தது. எங்கள் நெசவுத் தெருவிலிருந்து சென்னைக்கு, காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் பெண் அவள்தான். கட்டில் அவர்கள் கொடுப்பார்கள், மெத்தை நாம் கொண்டுபோக வேண்டும். கடையில் ஸ்பாஞ்சு மெத்தை வாங்கினால் போதும் என்றாள். நான் பெற்ற பெண் கடைச் சரக்கில் படுப்பதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. மாகறலில் அக்கா வீட்டு மரத்து இலவம்பஞ்சை மூட்டையாக வரவழைத்து, வாலாஜாபாத்திலிருந்து மெத்தைக்காரரைக் கூப்பிட்டு, என் கண் முன்னால் வாசலில் வைத்தே தைக்கச் சொன்னேன். ஒடுக்கமான ஹாஸ்டல் கட்டிலுக்கு ஏற்ற அளவு, நீலக்கோடு போட்ட துணி. பஞ்சில் ஒரு கொட்டை இல்லாமல் நானே பொறுக்கினேன். அதனால் உள்ளே ஏதாவது இருந்திருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது மெத்தையில் அதற்குரியவர் படுப்பதற்கு முன்னால் தெருவில் ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டுப் படுத்து எழச் சொல்லி, கையில் வெல்லம் கொடுத்து அனுப்புவோம். அன்றைக்குப் பார்த்து எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், ராகுகாலமோ நெருங்குகிறது, மறுநாள் செல்வி கிளம்ப வேண்டும். சரி, முறைக்காவது கூப்பிட்டதாக இருக்கட்டும் என்று வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்று, ஆளில்லாத தெருவைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

“வாம்மா கண்ணு, வந்து படு.”

செல்வி உள்ளேயிருந்து சிரித்தாள். “யாருமே இல்லாத தெருவுல யாரம்மா கூப்ட்டுக்கினு இருக்கே? வந்துட்டா நீதான் சோறு போடணும்.”

மெத்தைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் போட்ட காபி அப்படியே இருக்க, ஊசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மெத்தையை மாடியில் வெயிலில் போட்டோம். வெயில் பட்டால் இலவம்பஞ்சு பூரி மாதிரி உப்பும். உச்சி வேளையில் திருப்பிப் போடலாம் என்று ஏறிப் போனேன், நடுவில் ஒரு பள்ளம். முழங்காலை வயிற்றோடு மடக்கி ஒரு சின்ன உடம்பு ஒருக்களித்துப் படுத்தால் எப்படி அழுந்துமோ, அப்படி. பூனை படுத்திருக்கும் என்று தட்டிவிட்டேன். உப்பியது. நம்பினால் நம்புங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை வைக்கிற இடத்தில் ஆரம்பித்து மெதுவாக மறுபடியும் அமுங்கியது. தரையில் கால் வைக்க முடியாத வெயில், மெத்தை முழுக்கச் சுடுகிறது, அந்தப் பள்ளத்தில் மட்டும் கை வைத்தால் சில்லென்று இருந்தது. வெல்லத்தைத் தலைமாட்டில் வைத்து, எழுந்து போம்மா என்று சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம்வரை வெல்லம் அப்படியே இருந்தது, ஒரு எறும்புகூட மொய்க்கவில்லை.

செல்வி மேலே வந்து பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். கேலி செய்யவில்லை. “எனக்குப் பாயே போதும்மா” என்று மட்டும் சொன்னாள். பாயும் ஜமுக்காளமும் கொடுத்து அனுப்பினேன். கேட்டவர்களிடம் சென்னைச் சூட்டுக்கு மெத்தை ஆகாது என்று சொல்லிவிட்டேன். பழைய தறிக் கயிற்றால் மெத்தையைச் சுருட்டிக் கட்டிப் பரணில் போட்டேன்.

தூக்கி எறிந்திருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டவள் நான். கூப்பிட்டு வந்ததைத் தெருவில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போதெல்லாம் வெயிலில் போடுவேன், பள்ளம் விழும், சுருட்டி வைப்பேன். சில வருஷம் போன பிறகுதான் கவனித்தேன், மடங்கியிருந்த கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டு வருகிறது. இப்போது அது பவித்ரா உயரம் இருக்கும்.

அதுகூடப் பழகிவிட்டது. இந்த வருஷம்தான் பாதி வெயிலிலேயே சுருட்டிக் கட்டிவிட்டேன். இத்தனை வருஷமும் நடுவில் விழுந்த பள்ளம், இந்தத் தடவை மெத்தையின் ஒரு ஓரமாக ஒதுங்கி விழுந்திருந்தது. பக்கத்தில் இன்னொருத்தி படுக்கிற அளவுக்கு இடம் விட்டு.

பவித்ரா, எழுதி முடித்துவிட்டேன், இந்தா. பிழை இருக்கும், எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்துக் காட்டு. வாசலில் நின்று நான் கூப்பிட்ட இடம் வரும், அதை மட்டும் மனசுக்குள் படித்துக்கொள்.