மூன்றா எட்டா

காலை பத்து ஐம்பது. மேலூரை அடுத்த கல்குவாரியில் நான் முதலில் பார்த்தது ஒரு பித்தளைத் தகடு. உள்ளங்கை அகலம் இருக்கும். வெயிலில் கண் கூசும்படி மின்னியது. அதில் எண் இல்லை.

தகடு ஒரு மஞ்சள் புல்டோசரில் பதிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், வண்டியின் இரும்புச் சங்கிலிச் சக்கரத்தின் மேல் அதன் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். இரு கைகளிலும் விலங்கு.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. நான் மதுரையில் ஒரு நாளிதழ் நிருபர். கண்மாய் வேலைக்கு நிறுத்தியிருந்த அரசு புல்டோசர் ஒன்று காணாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அது இதுதான் என்பது இன்ஸ்பெக்டரின் முடிவு. குவாரி முதலாளி ஊரில் இல்லை. எண்ணை அராவி அழித்தது ஓட்டுநர்தான் என்றும், இரண்டு மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்போவதாகவும் இன்ஸ்பெக்டர் சொன்னார். 'எண் அராவப்பட்டுள்ளது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

"அராவலைய்யா," என்றார் ஓட்டுநர். "வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளியும் செங்கப் பொடியும் போட்டு வெளக்குவேன். பதினெட்டு வருசமா. நான் செஞ்சது அம்புட்டுத்தான்."

"இந்த வெளக்குறதை வீட்டுச் சட்டி பானையில காட்டியிருந்தா பொண்டாட்டியாச்சும் மெச்சியிருப்பா," என்றார் ஏட்டு. கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

வண்டியை அடையாளம் காண ஒரு மெக்கானிக்கைத் தல்லாகுளத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். பழைய டீசல் வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். கையில் கம்பி பிரஷும் மண்ணெண்ணெய் டப்பாவும். வந்ததும் நேராகத் தகட்டிடம் போய் அதன் ஓரத்தை விரலால் தடவினார்.

"அரம் போட்டா கோடு விழும் சார். இதுல ஸ்க்ரூ தலைகூட வழவழன்னு தேஞ்சு கெடக்கு. கம்பெனி பேரும் போயிருச்சு. நம்பரை அழிக்கிறவன் ஸ்க்ரூவை எதுக்குத் தேய்க்கிறான்?"

"அதெல்லாம் கோர்ட்ல நிக்காது. எஞ்சின் நம்பரைப் பாருங்க."

எஞ்சின் எண் ஃபைலில் இருந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. இன்ஸ்பெக்டர் அசரவில்லை. "குத்துற நம்பர்தானே, எவன் வேணாலும் மாத்திக் குத்துவான். மாத்த முடியாதது எதுவும் இருந்தா காட்டுங்க."

காணாமல் போன வண்டியைப் பற்றி ஃபைலில் இன்னும் இரண்டு விவரங்கள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு புதிதாக வாங்கியது. நிறம் சாம்பல்.

மெக்கானிக் வண்டியின் பின்பக்கம் போனார். கியர் பெட்டியின் மேல் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. சுரண்டினார். மஞ்சள் பெயின்ட் உரிந்தது. அடியில் சாம்பல் நிறம்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "போதும். ஆளை ஏத்துங்கய்யா."

ஏட்டு ஓட்டுநரின் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"இருங்க சார். இது பெயின்டுக்கு முன்னாடி பூசுற ப்ரைமராவும் இருக்கலாம். அடியில என்னன்னு பாத்துர்றேன்."

"பாத்து?"

"ஒங்க வண்டிதான்னு தெரிஞ்சா நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அவர் அதை மெல்லச் சொல்லவில்லை. ஓட்டுநர் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சாம்பலுக்கு அடியில் கரும்பச்சை வந்தது. ராணுவப் பச்சை என்றார் மெக்கானிக். யுத்தம் முடிந்ததும் ராணுவம் இப்படிப்பட்ட வண்டிகளை ஏலம் விட்டதாகவும் சொன்னார். பச்சையும் கடையில் கிடைக்கும் என்றார் இன்ஸ்பெக்டர்.

அதற்குள் பச்சைக்கு நடுவே இரும்பிலேயே புடைத்த இரண்டு இலக்கங்கள் தெரிந்தன. இரும்பை உருக்கி ஊற்றும்போதே அச்சில் விழுகிற வருடம் அது. மாற்ற வேண்டுமானால் பெட்டியையே உருக்க வேண்டும். முதல் இலக்கம் நான்கு. அடுத்ததில் துருவும் பெயின்டும் அடைத்திருந்தன. மெக்கானிக் சௌராஷ்டிரத்தில் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்.

"மூணா எட்டான்னு தெரியலை சார்."

நாற்பத்து மூன்று என்றால் யுத்த காலத்து வண்டி. நாற்பத்தெட்டு என்றால் ஃபைல் சொல்வது பொருந்திவிடும்.

மண்ணெண்ணெயைத் தடவிவிட்டுக் காத்திருந்தார். குவாரியில் வெடிக்குழி தோண்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். மெக்கானிக் கோணி ஊசியால் துருவை நெம்பியெடுத்தார். அப்போதும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. என்னிடம் ஒரு தாள் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன், பென்சிலையும். தாளை இலக்கத்தின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். கறுப்பில் உருவம் எழுந்தது. இடப்பக்கம் இரண்டு இடத்திலும் திறந்திருந்தது.

"மூணு," என்றார்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு குனிந்து தன் விரலையே அந்த இலக்கத்தின் மேல் ஓட்டினார். இரண்டு முறை. தாளை மடித்து ஃபைலில் வைத்தார்.

"யுத்தத்துல செஞ்ச வண்டியைச் சுதந்திரத்துக்கு அப்பறம் எப்படிப் புதுசா வாங்கியிருப்பாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "விலங்கை அவுத்து விடுய்யா."

ஏட்டு சட்டைப் பையைத் தடவினார். ஜீப்பிலும் தேடினார்கள். சாவி மேலூர் ஸ்டேஷனில் இருந்தது. ஜீப் போய்வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.